பெட்டிக்குள் அடங்காத துப்பாக்கி

என் அண்ணன் ரஸ்ஸல் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான். லோரெட்டாவைக் கல்யாணம் செய்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தான். கொஞ்ச வருஷம் கழித்து ஓஹையோ பக்கம் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்த்தவளோடு போய்விட்டான். நாங்கள் அவனைத் தலைமுழுகினோம், அண்ணியை விடவில்லை. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. என் சமையலைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவாள்.

அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவள் அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்றவர், அந்தச் சூடு மகளுக்கு இறங்கிவிட்டதாம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் கோபப்பட்ட இடத்திலெல்லாம் கோபப்படக் காரணம் இருந்தது. நாமெல்லாம் அங்கே பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுகிறோம். அவள் அங்கேயே கேட்டுவிடுகிறாள். இதில் யாருக்கு உடம்புக்கு நல்லது என்று எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அண்ணிக்குத் தபால் வேலை. எங்கள் பென்சில்வேனியா மலைப்பாதையில் வீட்டுக்கு வீடு ரோட்டோரம் ஒரு தகரப் பெட்டி நிற்கும். காரை ஓரம் கட்டி, ஜன்னல் வழியே கையை நீட்டிப் போட வேண்டும். பனிக்காலத்தில் மூடி உறைந்து கிடக்கும், குத்தித் திறக்க வேண்டும். அப்படிக் குத்திக் குத்தி அவள் விரல் கணுக்களெல்லாம் வீங்கிப்போயின. நாய் கடித்திருக்கிறது. ஒருமுறை வான்கோழி துரத்தியிருக்கிறது. யாருக்கு எந்த ஆஸ்பத்திரியிலிருந்து, எந்த வக்கீலிடமிருந்து என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியும், என்னிடம்கூட வாயைத் திறந்ததில்லை. நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். "உன் வேலையப் பாருடி வின்னி" என்பாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவள்மேல்தான் திருட்டுப் பட்டம் கட்டினார்கள்.

கட்டியவன் டுவைட் ஹெப்னர். புல் வெட்டும் இயந்திரமும் டிராக்டரும் விற்கிற கடை வைத்திருக்கிறான், அண்ணியோடு ஒரே வகுப்பில் படித்தவன். அம்மாவின் பிறந்தநாளுக்குப் பக்கத்து நகரத்தில் தங்கக் காப்பு வாங்கி, அதைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். காப்பு வரவில்லை. கடைக்காரன் அனுப்பிவிட்டேன் என்று சாதித்தான். உடனே டுவைட்டுக்குத் தபால்காரியின் கை ஞாபகம் வந்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். விசாரிக்க ஓர் ஆள் வந்து, அண்ணியின் காரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வீடு வீடாகப் போனான். அந்தக் கோடை முழுக்க ஜனங்கள் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுபோல நின்றுகொண்டு அவள் கையைப் பார்த்தார்கள். ஒரு கிழவி அவள் கண்ணெதிரே உறைகளை எண்ணினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அக்டோபரில் விசாரணைக்காரன் நகைக்கடைக்கே போய்க் குடைந்தபோது, காப்பு கடைக்காரன் மேசை டிராயரிலேயே கிடந்ததும், அதை அவன் அனுப்பவே இல்லை என்பதும் வெளியே வந்தது. விசாரணை முடிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. டுவைட் வாயே திறக்கவில்லை. "அதான் எல்லாம் சரியாயிடுச்சுல்ல லோரெட்டா, விடும்மா" என்று பாதிரியார் உட்பட எல்லோரும் சொன்னார்கள்.

"என்ன சரியாச்சு?" என்று அண்ணி திருப்பிக் கேட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அண்ணி துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தாள். நான் பயந்துபோனேன். டுவைட்தான் அங்கே தலைவன், இவளோ கோபக்காரி, துப்பாக்கி எதற்கு என்று. நான் அங்கே சமையலறையைப் பார்த்துக்கொள்கிறவள், சுடுகிறவள் இல்லை. ஜன்னல் வழியே காபியும் மான்கறி சாஸேஜும் விற்றுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவளிடமே கேட்டேன்.

"எதுக்கு அண்ணி இந்த வயசுல இந்த ஆட்டம்? அதுவும் அவன் மூஞ்சில முழிச்சிக்கிட்டு?"

"அந்தப் பெட்டிக்காகடி" என்றாள்.

பெட்டி என்றால், போட்டி தொடங்கும் முன் துப்பாக்கிகளை அளந்து வகை எழுதுகிற ஆர்வில் ஷாங்க் தன் மேசைமேல் வைக்கிற மரப்பெட்டி. எங்கள் கிளப்பில் கைத்துப்பாக்கிகளைப் பெரிய வகை, நடு வகை, சின்ன வகை என்று பிரித்துத்தான் போட்டி. நீளக் குழலும் கனமும் உள்ள துப்பாக்கி ஆடாது, குறியும் தப்பாது. குட்டைத் துப்பாக்கி கையில் எகிறும், தோட்டாவும் கம்மி. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அது போட்டியில்லை, வேடிக்கை. அதனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூடி போட்ட பெட்டி. தோட்டா அடுக்கிய மேகசின் என்று ஒன்றைத் துப்பாக்கிப் பிடிக்குள் செருகுவார்களே, அவரவரிடம் இருப்பதில் பெரிய மேகசினை வெறுமையாக்கிச் செருகி, துப்பாக்கியைப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். மூடி தானாக விழுந்து மூட வேண்டும். விரலால் அழுத்தக்கூடாது. மூடினால் அந்த வகை, மூடாவிட்டால் அடுத்த பெரிய வகை. அப்பீல் கிடையாது. எல்லார் கண் முன்னாலும், எல்லாருக்கும் ஒரே பெட்டி. டுவைட்டின் துப்பாக்கியும் அதில்தான் படுக்க வேண்டும். அண்ணிக்கு அது பிடித்திருந்தது. அவளுடைய வீங்கிய விரல்களுக்குக் குட்டைத் துப்பாக்கிதான் அடங்கும், அதனால் சின்ன வகை. அவளுடையது அந்த வகையின் விளிம்பில் நிற்கிற துப்பாக்கி. மூடி அதை உரசிக்கொண்டுதான் விழும், ஆனால் விழும். ஒவ்வொரு போட்டியிலும் விழுந்தது.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் துப்பாக்கியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, காரில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கையில் துப்பாக்கியோ இடுப்பில் உறையோ இருந்தால் குரலை உயர்த்தக்கூடாது. கார் நிறுத்துமிடம் மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. ஏறிப் போய்ப் பூட்டிவிட்டு இறங்கி வருவதற்குள் முக்கால்வாசிப் பேருக்குக் கோபம் ஆறிவிடும், வந்து காபி கேட்பார்கள். அண்ணிக்கு மட்டும் மேடு ஏற ஏறத்தான் கோபம் கொதிக்கும்.

அந்த வருஷம் அண்ணி நன்றாகச் சுட்டாள். செப்டம்பர் மாதம் கடைசிப் போட்டி. சின்ன வகையில் அவள் முதல் இடத்தில் இருந்தாள், கொஞ்சம் பின்னால் இரண்டாவதாக டுவைட். அவன் அந்த வருஷம்தான் வெள்ளி மாதிரி பளபளக்கிற புதுக் குட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கிச் சின்ன வகைக்கு வந்திருந்தான். அதைத் தொட்டில் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு வருவான். ஆகஸ்டுப் போட்டியில் ஆர்வில் அதைப் பெட்டியில் வைத்து எடுத்தபோது பெட்டியின் தகர மூலை பட்டுக் கோடு விழுந்துவிட்டது. ஒரு கோடுதான். அவன் போட்ட கூப்பாட்டில் என் ஜன்னலில் காபி வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

போட்டி நாள் காலையில் ஆர்வில் மேசை விரித்தார். எழுபது தாண்டிய மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாது. அன்றைக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அடி, பக்கங்கள், மூடி எல்லாவற்றிலும் பில்லியர்ட்ஸ் மேசைமேல் ஒட்டுகிற பச்சைத் துணி நறுவிசாக ஒட்டியிருந்தது. டுவைட் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறான்.

"இனிமே யாரு துப்பாக்கியிலயும் கீறல் விழாது. என் கைக்காசு!" என்று அவனே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். நானும்தான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, அழகாய் இருக்கிறது என்று நினைத்தேன். அளக்கிற பெட்டிக்கு யாராவது மெத்தை தைப்பார்களா? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தோன்றவில்லை. துப்பாக்கியில் கீறல் விழுவதுதான் உலகத்தில் பெரிய துக்கம் என்று நினைக்கிற கூட்டத்துக்குத் தோன்றாது.

ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போய் வந்தது. டுவைட்டின் துப்பாக்கி மற்றதைவிடக் குட்டை, மூடி மெத்தென்று விழுந்தது. அண்ணியின் முறை வந்தது. ஆர்வில் வைத்தார். மூடி விழவில்லை, ஒரு நகக்கண் அளவு தூக்கி நின்றது. எடுத்துத் திருப்பி வைத்தார். அப்போதும் நின்றது.

"என்னம்மா லோரெட்டா, நிக்குதே" என்றார் மெதுவாக.

"சரியா வைங்க ஆர்வில். வருஷம் பூரா போனதுதானே?"

"சரியாத்தாம்மா வச்சிருக்கேன்."

டுவைட் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "மேகசின மாத்திட்டியா? அடியில கட்டை ஒட்டி நீட்டியிருப்ப, இன்னொரு தோட்டா போட."

"நான் ஒண்ணும் மாத்தல."

"அப்ப பெட்டி சுருங்கிடுச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. "அதானே பாத்தேன், இத்தனை மாசமா நீ எப்படி ஜெயிக்கிறன்னு. உனக்கு இது ஒண்ணும் புதுசில்லியே லோரெட்டா."

அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அவன் எதைச் சொல்கிறான் என்று தெரியும். சிரிப்பு நின்றது. எனக்கு அடுப்பிலிருந்த எண்ணெயை அப்படியே அவன் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

அண்ணி கையை நீட்டினாள். துப்பாக்கியை வாங்கி, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். மேடு ஏறிப் போனாள். எல்லோருக்கும் அடுத்து என்னவென்று தெரியும், ஒதுங்கி வழி விட்டு நின்றார்கள். காரைப் பூட்டிவிட்டு அவள் இறங்கி வந்த வேகத்தில் ஆர்வில் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய் டுவைட்! இப்ப சொல்லுடா. என்ன புதுசில்ல எனக்கு?"

"நான் பொதுவாச் சொன்னேன்..."

"பொதுவாவா? உன் கடையில மிஷின் ஓடலன்னு ஒருத்தன் வந்தா, பொதுவா அவன திருடன்னு சொல்வியா? பேரச் சொல்லித்தானே சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்!"

"பெட்டி சொல்லுது, நான் சொல்லல. நியாயம் பெட்டிக்கிட்ட இருக்கு. நீ வேணும்னா நடு வகைல சுடு, இல்லன்னா வீட்டுக்குப் போ."

பெட்டி என்றதும் அண்ணி நின்றுவிட்டாள். அவள் நம்பியதே அந்தப் பெட்டியைத்தான். இரண்டு கையையும் பார்த்துக்கொண்டாள், திரும்பி மேட்டைப் பார்க்க நடந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி, போகாதீங்க! இப்ப போனா உண்மைன்னு ஆயிடும்."

"வின்னி..." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிஜமாவே நான் ஏதாச்சும் மாத்திட்டேனாடி? போன வாரம் கழட்டித் துடைச்சேன். அப்ப ஏதாவது தப்பாப் பூட்டிட்டேனோ?"

அவள் திட்டியதைக் கேட்டிருக்கிறேன், அழுததையும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இதற்காகத்தான் அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பொய்யைச் சத்தமாகச் சொன்னால் சொன்னவன் மறந்துவிடுகிறான், கேட்டவள்தான் தன் பையைத் தானே சோதித்துப் பார்க்கிறாள்.

"எடுத்துப் பாத்துடலாம் அண்ணி" என்றேன்.

கார்ப் பக்கத்தில் துப்பாக்கியை வெளியே எடுக்கக்கூடாது. அதற்கென்று கொட்டகைக்குப் பக்கத்தில் தனி மேசை இருக்கிறது, தோட்டா அந்தப் பக்கமே போகக்கூடாது. அங்கே போய் ஜிப்பைத் திறந்தாள். மேகசினை உருவிப் பார்த்தாள், அடியில் ஒட்டும் இல்லை கட்டையும் இல்லை. எப்போதும் இருந்ததுதான். துப்பாக்கியைத் திருப்பினாள். குறி பார்க்க மேலே நீட்டியிருக்கிற பின்பக்க முனையின் கூரான விளிம்பில் ஒரு பச்சை நூல் தொங்கியது. மேகசின் அடியிலும் பச்சைப் பிசிறு.

அண்ணி அந்த நூலை நகத்தால் பிடித்து எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அந்த முட்டாப்பய..." என்று தொடங்கி, பாதிரியார் கேட்கக்கூடாத நாலைந்து சொன்னாள்.

திரும்பவும் பையை மூடி, பையோடு ஆர்வில் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, கையில் துப்பாக்கிப் பை இருக்கிறதே. நூலை மட்டும் மேசைமேல் வைத்தாள்.

"ஆர்வில், இந்தத் துணி ஒட்டுறதுக்கு முந்தி பெட்டி எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்கு?"

ஆர்வில் நூலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. மூலையில் நகத்தைக் கொடுத்து ஒரு இழு இழுத்தார். பிசின் காய்ந்திருந்ததால் துணி பற்றிக்கொண்டு முரண்டு பிடித்தது. தன் பேனாக்கத்தியை எடுத்தார். டுவைட் "ஏய், ஏய்!" என்று ஓடி வந்தான். ஆர்வில் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அடி, மூடி, பக்கங்கள் என்று துண்டு துண்டாய்க் கிழித்துத் தரையில் போட்டார். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார். அவள் பையைத் திறந்து கொடுத்தாள். வைத்தார். மூடி உரசிக்கொண்டு இறங்கி, டக்கென்று உட்கார்ந்தது.

அந்தச் சத்தத்தில் கூட்டமே பெருமூச்சு விட்டுச் சிரித்தது. டுவைட்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"அட, என் துணிதான் வில்லனா! சரி சரி, எல்லாம் சரியாயிடுச்சு. போ லோரெட்டா, வரிசைல நில்லு. லேட்டாயிடுச்சு."

அண்ணி நகரவில்லை. "சொல்லு" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"ஏமாத்துறேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னேல்ல? ஏமாத்தலன்னு அதே மாதிரிச் சொல்லு."

"அதான் பெட்டி மூடிடுச்சே, எல்லாரும் பாத்தாங்களே!"

"பெட்டி என்னை ஒண்ணும் சொல்லல. நீதான் சொன்ன."

டுவைட் மற்றவர்களைப் பார்த்தான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அண்ணியைப் பார்த்து முனகினார்கள். வெயில் ஏறுதும்மா என்றான் ஒருவன். விடு லோரெட்டா, பெருசு பண்ணாத என்றான் இன்னொருவன். திட்டியவனுக்கு நேரம் இருந்தது, திட்டு வாங்கியவள் கேட்டால் மட்டும் வெயில் ஏறிவிடுகிறது. எனக்குத் தலை கொதித்தது. சமையலறைக்குள் போய் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "காபி கிடையாது! அவன் வாயத் திறக்குற வரைக்கும் ஒருத்தனுக்கும் பச்சத்தண்ணி கிடையாது!" என்று உள்ளே இருந்தே கத்தினேன். பிறகு வெளியே நடப்பது தெரியாமல் போய்விடுமே என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றேன்.

ஆர்வில் பெட்டியை மூடினார், நாற்காலியில் வைத்தார், அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பாதிப் பேர் துப்பாக்கியை இன்னும் அளக்கவே இல்லை. பெட்டி இல்லாமல் போட்டி இல்லை.

"என்ன ஆர்வில் இது?" என்றான் டுவைட்.

"கால் வலிக்குது" என்றார் ஆர்வில்.

டுவைட் தொண்டையைக் கனைத்தான். "சரி. லோரெட்டா ஏமாத்தல. போதுமா?"

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் அண்ணி.

"லோரெட்டா பெட்ராக் ஏமாத்தல! நான் சொன்னது தப்பு!"

"காப்பு?"

அவன் முகம் மாறியது. "அது பழைய கதை..."

"இப்ப பத்து நிமிஷம் முந்தி அதப் பழைய கதைன்னு தெரியாமலா இழுத்த? சொல்லு. காப்பு என்கிட்ட இல்லைன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"அக்டோபர்ல... விசாரணை ஆளு..."

பின்னாலிருந்து அவன் மனைவி நடீன் முன்னே வந்தாள். சாதுவான பெண்மணி, கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"சொல்லித் தொலைங்க டுவைட். போன எடுத்தது நான்தானே?"

அவன் தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜூலைல. கடைக்காரன் போன் பண்ணினான், டிராயர்ல இருந்துச்சுன்னு. எழுதிப் போட்டுட்டமே, இப்ப போய் எப்படிச் சொல்றதுன்னு... அப்படியே விட்டுட்டேன்."

ஜூலை. ஜனங்கள் தபால் பெட்டிப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம். கிழவி உறைகளை எண்ணியதெல்லாம் அதற்கும் பிறகு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்து, அந்தச் சோற்றையே மூன்று மாதம் தின்றிருக்கிறான். அண்ணி அவன்மேல் பாய்வாள் என்றுதான் நினைத்தேன், பாயட்டும் என்றுதான் நின்றேன்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆர்வில், என்னை எந்த வகைல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சின்ன வகைம்மா."

"சரி, எந்திரிங்க. எல்லாருக்கும் நேரமாகுது."

போட்டி நடந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன், முணுமுணுத்துக்கொண்டேதான். அண்ணி சுட்டதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற இலக்கையெல்லாம் தப்பவிட்டாள். டுவைட் ஆடாமல் அசையாமல் சுட்டான். இவனுக்கு எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை, வெட்கம் இல்லாதவனுக்குக் கை நடுங்காது போலிருக்கிறது. கடைசியில் கூட்டிப் பார்த்தபோது சின்ன வகையில் அவன்தான் முதல், அண்ணி இரண்டாவது.

கொட்டகையில் எல்லோரும் முட்டைக்கோஸ் வதக்கலும் சாஸேஜுமாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கேடயத்தைக் கொடுக்க வேண்டியவனே தலைவன், வாங்க வேண்டியவனும் அவனே. அதனால் ஆர்வில் எடுத்துக் கொடுத்தார். "சின்ன வகை, டுவைட் ஹெப்னர்" என்றார். ஒரு கை தட்டவில்லை. முள்கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. அவன் கேடயத்தை வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் வெயில் ஏறுகிறது என்று முனகினானே, அதே ஆள் இப்போது பக்கத்தில் இருந்தவனிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"துணி ஒட்டினதே இதுக்குத்தான். திருட்டுப்பய."

அங்கங்கே தலைகள் ஆடின. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். இனி இவன் போகிற இடமெல்லாம் ஜனங்கள் இவன் கையைப் பார்ப்பார்கள்.

அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது, காலையில் இருந்ததைவிடக் கோபம் அதிகமாகவே இருந்தது.

"யாருடா அவன் சொன்னது? ஒட்டும்போது நீ பாத்தியா? கீறல் விழக்கூடாதுன்னு ஒட்டினான். அவன் முட்டாப்பய, கோழை, அவனைப் பாத்தாலே எனக்கு வயித்தப் பொரட்டுது. ஆனா அவன் துப்பாக்கி பெட்டிக்குள்ள சரியாப் போச்சு, நானே பாத்தேன். இன்னிக்கு என்னைவிட நல்லாச் சுட்டான். ஏமாத்தல. இத இப்பவே சொல்லிடறேன், அக்டோபர் வரைக்கும் காத்திருக்க என்னால முடியாது."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். வீங்கிய விரல்களால் அவ்வளவு சத்தமாகத் தட்ட முடியாது, இருந்தாலும் தட்டினாள். ஆர்வில் தட்டினார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். டுவைட் தலையை நிமிர்த்தவே இல்லை, அவன் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் தட்டவில்லை. கையில் கரண்டி இருந்தது, அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.